பார்ட் வரும்வரை முன் சீட்டில் யாரும் வேண்டாம்

சென்ற மாதம் என் பழைய ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் விட்டுவந்த சர்வீஸ் அட்வைசர் வேலையில் இப்போது இருப்பவர்கள். புதிதாக ஒரு ரீகால் வந்திருக்கிறதாம். ஏர்பேக்கில் கோளாறு, வண்டிகளைத் திரும்ப அழைத்து மாற்றித் தரவேண்டும், ஆனால் மாற்றுவதற்குப் பார்ட் இன்னும் வரவில்லை. "பார்ட் வர்ற வரைக்கும் கஸ்டமர்கிட்ட இன்னா சார் சொல்லிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டார்கள். முன் சீட்டில் யாரும் வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு அந்த ஒரு வரி போதாது என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

1993-இல் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த கையோடு விழுப்புரத்தில் அந்தக் கார் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன். வீடு திண்டிவனத்தில். முதல் சில வருடங்கள் கார்புரேட்டர் கழுவியும் பிரேக் ஷூ மாற்றியும் போயின. பிறகு சட்டையில் கிரீஸ் படாத வேலைக்கு மாற்றினார்கள். கஸ்டமர் சொல்லும் குறையைக் கேட்டு மெக்கானிக்குக்குச் சொல்வதும், மெக்கானிக் சொல்வதை மென்மையாக்கிக் கஸ்டமருக்குச் சொல்வதும்தான் அந்த வேலை. அதை நான் நன்றாகவே செய்தேன்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் ஜெயராமன் சார். அவர் யாரையும் நம்பமாட்டார். ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "பிரேக் எப்போலேர்ந்து சத்தம் போடுது?" என்று கேட்டு, பதில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எப்போலேர்ந்துன்னு சொன்னீங்க?" என்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால்தான் வண்டியைத் தொடச் சொல்வார். கஸ்டமரிடம் மட்டுமில்லை, எங்களிடமும் அப்படித்தான். கம்பெனியிலிருந்து வரும் ஆட்களிடமும் அதேதான். "கம்பெனிக்காரன் பொய் சொல்லமாட்டான்பா. எல்லாத்தையும் சொல்லவும்மாட்டான்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

ஏர்பேக் உள்ள வண்டிகள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியபோது அவர் சந்தேகம் இன்னும் கூடியது. அந்தப் பைக்குப் பின்னால் உலோக டப்பி ஒன்று இருக்கும். அதற்குள் மருந்து. வண்டி மோதினால் மருந்து பற்றி, காற்று நிரம்பி, கண் இமைப்பதற்குள் பை விரியும். "மருந்து வெச்ச சாமான் எதுவா இருந்தாலும் அது பட்டாசுதான்" என்பார். அதைக் கழற்றும்போது அவர் சொல்லும் முறையில் துளி மாறக்கூடாது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுக்கவேண்டும். பிறகு எல்லோரும் வண்டியைவிட்டு விலகி ஒரு டீ குடிக்கவேண்டும். பேட்டரியை எடுத்தாலும் உள்ளே கொஞ்ச நேரம் கரண்ட் தேங்கியிருக்கும், அது வடிவதற்குத்தான் அந்த டீ. ஜல்தி வேலை முடிக்கவேண்டும் என்று எவனாவது பாதி டீயில் எழுந்தால் அன்றைக்கு அவனுக்கு வண்டி கழுவும் வேலைதான். கழற்றிய பையைத் தூக்கும்போது அதன் முகம் நம் நெஞ்சைப் பார்க்கக்கூடாது. கீழே வைக்கும்போது முகம் மேலே இருக்கவேண்டும். கவிழ்த்து வைத்தது தப்பித்தவறி வெடித்தால் மொத்தச் சாமானும் கூரைக்குப் போகும்.

பல வருடங்கள் கழித்து, என் மகள் சுபா விழுப்புரத்தில் கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம், அந்த ரீகால் வந்தது. ஒரு குறிப்பிட்ட மாடலில், சில வருடங்களில் தயாரான வண்டிகளில், இடது பக்க முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் ஏர்பேக் மோசம் என்றார்கள். வெயிலும் ஈரமும் வருடக்கணக்காகப் பட்டு டப்பிக்குள் இருக்கும் மருந்தின் தன்மை கெட்டுவிடுகிறது. அப்புறம் வண்டி மோதினால் பை விரிவதோடு நிற்காது, டப்பியே சிதறி அதன் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு சீட்டில் இருப்பவர்மேல் பாயும். வெயிலும் ஈரமும் எங்கள் பக்கத்தில் எவ்வளவு என்று சொல்லவேண்டியதில்லை. மரக்காணம் பக்கத்து வண்டிகளில் கதவின் அடித்தகடே உப்புக்காற்றில் உதிர்ந்து கையோடு வரும்.

மாற்று டப்பி எப்போது வரும் என்று ஜெயராமன் சார் கம்பெனிக்காரர்களிடம் கேட்டார். வரும் என்றார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் வரும் என்றார்கள். அதுவரை வண்டிக்காரர்களுக்குப் போன் செய்து, இடது பக்க முன் சீட்டில் யாரையும் உட்காரவைக்கவேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். அந்த வேலை என்னிடம் வந்தது.

இங்கேதான் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. விழுப்புரம், வானூர், திண்டிவனம் பக்கத்தில் கார் வாங்குகிறவர்களில் பலர் அதைப் பாண்டிச்சேரியில் பதிவு செய்வார்கள். அங்கே வரி குறைவு. அங்கே குடியிருக்கும் அத்தை, மாமா, பழைய வீட்டுக்காரர் என்று யாருடைய முகவரியையாவது கொடுத்துப் பி.ஒய். நம்பர் வாங்கிவிடுவார்கள். வண்டி ஓடுவது முழுக்க இங்கே. ஆகவே கம்பெனி அனுப்பும் கடிதம் அத்தை வீட்டுக்குப் போகும். நான் போன் செய்து வண்டி நம்பரைச் சொன்னால், இவன் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து வேவு பார்க்கிறான் என்று எதிர்முனையில் இருப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

பொம்மையார்பாளையத்தில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் எந்த பேங்க்கிலிருந்து பேசுகிறேன் என்று கேட்டுவிட்டு, தனக்கு லோன் வேண்டாம் என்று வைத்துவிட்டார். பிரம்மதேசத்து விவசாயி ஒருவர் மட்டும் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "இத்தினி வருஷம் சும்மா இருந்த பை இப்ப இன்னாத்துக்கு சார் கோச்சிக்குது?" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது.

ஒரு வெள்ளி நிறக் கார் பாண்டிச்சேரிக்காரர் யாரோ ஒருவரின் பெயரில் இருந்தது. அதற்குக் கொடுத்திருந்த நம்பரை இரண்டு தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தவர், அந்த வண்டியை விற்றாகிவிட்டது, மெட்ராஸ் பக்கம் போய்விட்டது என்றார். யாருக்கு விற்றீர்கள் என்பதற்குள் லைன் போய்விட்டது. ஜெயராமன் சாரிடம் சொன்னேன்.

"வித்தவன் வாங்கினவன் பேரச் சொல்லுவான். பொய் சொல்றவன்தான் ஊரு பேர மட்டும் சொல்லுவான். அந்த வண்டி இங்கதான் எங்கியோ சுத்திக்கினு இருக்கு. விடாத" என்றார்.

நான் விடவில்லை. நாள்தோறும் அழைத்தேன். என் நம்பரைப் பார்த்ததும் அவர் எடுப்பதையே நிறுத்திவிட்டார். அந்த வண்டி நம்பர் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

சுபாவுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. விக்கிரவாண்டி வருவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். நான் போகும் ரயில் அவள் கல்லூரிக்கு ரொம்பச் சீக்கிரம். என் மனைவி சாந்திதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு தெரு தள்ளி தனசேகர் என்றொரு மல்லாட்டை வியாபாரி இருந்தார், வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். தினமும் காலையில் விழுப்புரத்துக்கு விற்பனைக்கூடத்துக்குக் காரில் போகிறவர். அவர் வண்டியில் ஏற்கெனவே இரண்டு டீச்சர்கள் போய்வந்தார்கள். மூன்றாவதாக இவள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று சாந்தி சொல்லி, அவளுக்கு முன் சீட்டை வாங்கிக்கொடுத்திருந்தாள். நான் விடிந்ததும் ரயிலுக்குப் போய்விடுவேன். அந்தக் காரை நான் பார்த்ததில்லை.

ஒரு வாரலீவு நாளில் வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது. சுபா வண்டியில் விட்டுவிட்டு வந்த டிபன் பாக்ஸைக் கொடுக்க தனசேகர் வந்திருந்தார். வெளியே வந்தேன். வெள்ளி நிறக் கார். அதே மாடல். நம்பரைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். அந்த நம்பர்தான்.

அவர் ரொம்ப மரியாதையாக, "பாப்பா மறந்துட்டு வந்துட்டாங்க சார்" என்று டிபன் பாக்ஸை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இந்த வண்டியத்தான் மெட்ராஸ் பக்கம் வித்துட்டீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அது நீங்கதானா சார்?" என்றார். "சுபாவோட அப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் சார் மறைக்கப்போறேன்? ஆர்.டி.ஓ. ஆளுங்க பேஜார் பண்றாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அன்றைக்கே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் அந்தக் காலி முன் சீட்டையும், அதற்கு எதிரே டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் பார்த்துக்கொண்டே போனேன். பிள்ளையார் உட்கார்ந்திருந்தது ஏர்பேக் மூடியின் மேலேயே. அது விரியும்போது அவரும் சேர்ந்து பறந்து வருவார்.

ஜெயராமன் சார் முதலில் பிள்ளையாரை எடுக்கச் சொன்னார். பிறகு தனசேகரையே சாவியைத் திருப்பச் சொன்னார். ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து தானாக அணைந்தது. பழைய வண்டி விற்கிறவர்கள் ஏர்பேக் இல்லாததை மறைக்க, அந்த விளக்கின் ஒயரை ஆயில் விளக்கோடு இணைத்துவிடுவது உண்டு. அப்படிச் செய்தால் எஞ்சின் ஓடத் தொடங்கும்போது இரண்டும் ஒன்றாக அணையும். இது அப்படி அணையவில்லை. பை உள்ளே இருந்தது, இணைப்பும் சரியாக இருந்தது. அந்த விளக்கு ஏர்பேக் வேலை செய்யும் என்று மட்டும்தான் சொல்லும். வேலை செய்யும்போது என்ன ஆகும் என்று சொல்லாது.

அதன் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள் என்று நான் கேட்டேன். அவர் மறுத்தார். கம்பெனி அதற்கு அனுமதி தரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவர் தன் பாணியில் சொன்னார்: "இன்னிக்குப் புடுங்கறது ஒரு நிமிஷம். நாளைக்கு நல்ல டப்பி வந்தப்புறம் திரும்பச் சொருகினானான்னு எவன் பாக்கப்போறான்? புடுங்கினது புடுங்கினபடியே நாலு கை மாறும். கடைசில வாங்கறவன் பை இருக்குன்னு நம்பி குழந்தைய உக்கார வெப்பான்." அது நியாயம்தான்.

தனசேகரிடம், முன்னால் யாரையும் ஏற்றாதே என்று இரண்டு தடவை சொன்னார். நடுவில் கண்ணாடியைத் துடைத்தார். தனசேகர் இரண்டு தடவையும் சரி என்றார். வேறு வண்டி பார்க்கலாம் என்று நான் வீட்டில் சொன்னேன். அந்த நேரத்துக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. பின் சீட்டு என்றால் ஒன்றும் ஆகாது என்று நீங்கள்தானே ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிறீர்கள் என்று சாந்தி மடக்கினாள். பின்னால் மூன்று பேராக உட்காருவது என்று முடிவாயிற்று.

அதன்பிறகு ஒவ்வொரு நாள் மாலையும் சுபாவிடம் எங்கே உட்கார்ந்தாய் என்று கேட்டேன். "பின்னாடிதாம்பா" என்பாள். முதல் வாரம் முகம் வெளிறி வந்தாள். சுடிதாரை வந்ததும் நனைத்துப் போடுவாள். அப்போது நம்பினேன். பிறகு ஒரு நாள் நன்றாகச் சிரித்துக்கொண்டே வந்து, பசிக்கிறது என்றாள். வண்டியில் வாந்தி எடுக்கிற பெண் எப்படிச் சிரித்துக்கொண்டு வருவாள்? வாந்தி எடுத்தாயா என்று கேட்டேன். பழகிவிட்டது என்றாள். கொஞ்ச நேரம் விட்டு அதையே மறுபடி கேட்டேன். அவள் தட்டை வைத்துவிட்டு, "அப்பா, நான் உங்க கஸ்டமர் இல்ல" என்றாள்.

மறுநாள் ஆபீஸில் சொல்லிவிட்டு அவள் கல்லூரிக்கு எதிரே ஒரு டீக்கடையில் போய் நின்றேன். வெள்ளிக் கார் வந்தது. சுபா பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். முன் சீட்டு காலி. அடுத்த வாரமும் ஒரு நாள் போய் நின்றேன். அப்போதும் பின் கதவுதான். கண்ணால் பார்த்தது போதவில்லை எனக்கு. தனசேகரைத் தனியாகக் கேட்டேன். "நீங்க சொன்னப்புறம் மீறுவனா சார்?" என்றார். மெட்ராஸ் பக்கம் விற்றுவிட்டேன் என்று சொன்னபோதும் அவருடைய குரல் இதே மாதிரிதான் இருந்தது.

பார்ட் வந்ததா என்று தினமும் கேட்டேன். வரவில்லை. ஒரு தடவை கொஞ்சம் வந்தது. அதில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒன்றுமில்லை.

கரும்பு வெட்டு நடக்கும் பருவம். முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் சாலை முழுக்கக் கரும்பு தொங்கத் தொங்கப் போய்க்கொண்டிருக்கும். ஒரு காலையில் நான் போனில் யாரிடமோ முன் சீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. டீச்சர்களில் ஒருவர். கூட்டேரிப்பட்டு அருகில் டிராக்டரின் டிரெய்லரில் கார் மோதிவிட்டது, எல்லோரும் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றார். சுபா என்றேன். இருக்கிறாள் என்றார். இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்காமலே போனை வைத்தேன்.

ஜெயராமன் சார் தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டார். அவர் எதையும் கேட்கவில்லை.

சுபாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. நெற்றியில் தையல். டீச்சர்களுக்கு அடிதான், காயமில்லை. ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக் விரியவேண்டியபடி விரிந்திருந்தது. தனசேகர் மணிக்கட்டில் தோல் சிவந்துபோய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நல்லவேளை, பின்னாடி உக்காந்த" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "நேத்து வரைக்கும் முன்னாடிதாம்பா உக்காந்துக்கினு வந்தேன்" என்றாள்.

பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"முண்டியம்பாக்கம் தாண்டினதும் ஓரமா நிறுத்தச் சொல்லிப் பின்னாடி மாறிப்பேன். நீங்க டீக்கடையில நிப்பீங்கன்னு தெரியும்."

"இன்னிக்கு ஏன் பின்னாடி?"

"தனசேகர் மாமா மல்லாட்டை மூட்டைய முன்னாடி வெச்சிட்டாரு. டிக்கியில எடமில்ல. நான் எறக்கச் சொல்லிச் சண்டகூடப் போட்டேன்." அதற்குமேல் பேசாமல் அழுதாள். தோள் அசைந்து வலித்ததால் அழுகையையும் நிறுத்திக்கொண்டாள்.

வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று ஜெயராமன் சார் சொல்லிவிட்டார். சாந்தி வந்ததும் நானும் அவருடன் போனேன். கூட்டேரிப்பட்டில் சாலையோரம் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் அதிகம் நசுங்கவில்லை. இந்த மாதிரி மோதலில் சீட் பெல்ட் போட்டவர் இறங்கி நடந்து போகலாம். இடது கதவைத் திறந்ததும் மல்லாட்டை கொட்டியது. பை கந்தலாகத் தொங்கியது. மூட்டையின் நடுவில், ஓர் ஆள் உட்கார்ந்தால் கழுத்தும் மார்பும் இருக்கும் உயரத்தில், சாக்கு கிழிந்து திறந்திருந்தது. ஜெயராமன் சார் அதற்குள் கையை விடாமல் இடுக்கியை விட்டுத் துழாவினார். ஒரு துண்டு வந்தது. இன்னொன்று மூட்டையைத் தாண்டி சீட்டின் முதுகிலேயே ஏறியிருந்தது. கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைத்தார். பத்து ரூபாய்க் காசு அளவுதான், ஓரமெல்லாம் பிளேடு. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தத் துண்டுகளைக் கம்பெனி ஆட்கள் வந்து பையில் போட்டு எடுத்துப்போனார்கள். ஆராய்ந்து சொல்கிறோம் என்றார்கள். எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. அவற்றை எங்கே வைத்தார்கள், யார் பார்த்தார்கள், பார்த்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் மறுபடி வேலைக்குப் போன அன்று அதே மாடல் வண்டி ஒன்று ஆயில் மாற்ற வந்திருந்தது. போனில் எல்லாம் கேட்டுச் சரி சரி என்று சொன்ன ஒருவருடையது. முன் சீட்டில் பிஸ்கட் தூள் கிடந்தது. நான் மெக்கானிக்கிடம் ஸ்பேனர் செட்டை வாங்கி, சீட்டின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினேன். அந்த மாடலில் இடது சீட்டுக்கு அடியில் ஒயர் எதுவும் கிடையாது. சீட்டைத் தூக்கி வெளியே வைத்தேன். சட்டையெல்லாம் கிரீஸ். நிமிர்ந்தபோது ஜெயராமன் சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கம்பெனி சொல்லிச்சா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"போல்ட்டெல்லாம் ஒரு டப்பால போட்டு, அவன் பேர எழுதி சீட்டோட கட்டி வை" என்றார்.

இடம் இருந்தால் ஆள் உட்காரத்தான் செய்வார்கள். எவ்வளவு சொன்னாலும், யார் சொன்னாலும். என் மகளே என் பேச்சைக் கேட்கவில்லை, ஊரார் கேட்பார்களா? அன்றிலிருந்து அந்த மாடல் எது உள்ளே வந்தாலும், சொந்தக்காரரிடம் கேட்டு, இடது முன் சீட்டைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் வண்டியை அனுப்பினோம். மறுத்தவர்கள் உண்டு. ஒத்துக்கொண்டவர்களும் லேசில் நம்பவில்லை. என் நல்ல சீட்டை வைத்துக்கொண்டு கிழிந்ததை மாட்டிவிடுவீர்கள் என்றார்கள். வானூர்க்காரர் ஒருவர் சீட்டுக்கு அடியில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஸ்டோர் ரூமுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கடைசியில் பார்ட் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் நெகட்டிவ் ஒயரை எடுத்து, விலகிப்போய் டீ குடித்து, டப்பியை மாற்றி, சீட்டைத் திரும்ப மாட்டினோம். ஸ்டோர் ரூம் காலியானதும் நான் வேலையை விட்டேன். இன்னும் பத்து வருடங்களுக்கு மேல் பார்த்திருக்கலாம். போனை எடுத்து மென்மையாகப் பேசும் குரல் என்னிடம் இல்லாமல் போயிருந்தது. எவர் சரி என்றாலும் எனக்குப் பொய்யாகக் கேட்டது.

தனசேகர் பிறகு வேறு கார் வாங்கினார். தெருவில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையசைப்போம். அந்த மூட்டையை முன்னால் வைத்ததற்கு நான் அவருக்கு நன்றி சொல்லவேண்டும். அவளை அத்தனை நாள் முன்னால் உட்காரவைத்ததற்கு அவர் சட்டையைப் பிடிக்கவேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை.

சுபா இப்போது வேலைக்குப் போகிறாள். சொந்தமாகக் கார் வாங்கி அவளே ஓட்டுகிறாள். திண்டிவனத்திலேயே பதிவு செய்யவைத்தேன், எங்கள் வீட்டு முகவரிக்கே. வாங்குவதற்கு முன்னால் சேசிஸ் நம்பரை என் பழைய ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். இந்த வண்டிக்கு ரீகால் எதுவும் இல்லை என்றார்கள். அதே நம்பரை மாதம் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவர்களுக்கு அலுத்துவிட்டது. போன வாரம்கூட, "இல்ல சார், இல்லவே இல்ல" என்றார்கள். இதுவரை இல்லை என்று சொல்லுங்கள் என்றேன்.